ஆதாரம் கையில் இருப்பது வேறு, கோர்ட்டில் ஏறுவது வேறு: கடன் வசூல் வழக்குக்கு ஒரு வழிகாட்டி

"எங்கிட்ட எல்லா ஆதாரமும் இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டுதான் நானும் வக்கீல் ஆபீஸுக்குள் நுழைந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் புரோநோட்டு, பாஸ்புக் ஜெராக்ஸ், நாலைந்து வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் பிரின்ட். வக்கீல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "இதில் எதெல்லாம் மார்க் ஆகும்னு பார்ப்போம்" என்றார். மார்க் ஆவது என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

சிவில் கோர்ட்டில் நீதிபதி உங்கள் கவரைப் பார்ப்பதில்லை. சாட்சிக்கூண்டில் நின்று நீங்கள் தாக்கல் செய்து, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது போக, வா.சா.ஆ.1, வா.சா.ஆ.2 என்று எண் போட்டு ஏறிய ஆவணங்களைத்தான் பார்ப்பார். வா.சா.ஆ. என்றால் வாதி தரப்பு சான்றாவணம், எதிராளியுடையது பி.சா.ஆ. எண் விழாத காகிதம் வீட்டு பீரோவில் இருப்பதற்குச் சமம். கீழே வருவதெல்லாம் பீரோவிலிருந்து அந்த எண் வரைக்கும் ஒரு காகிதத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதுதான். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கும் வழக்கை வைத்துச் சொல்கிறேன், தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் நடக்கிற மாதிரி. வக்கீலுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதி, அப்புறம்தான் நியாயம்

கடன் வழக்குக்குக் காலவரையறை 3 ஆண்டு. எந்த நாளிலிருந்து 3 ஆண்டு என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "கேட்கும்போது தருகிறேன்" என்று எழுதிய புரோநோட்டுக்கு, நீங்கள் கேட்ட நாளிலிருந்து அல்ல, நோட்டு எழுதிய நாளிலிருந்து கணக்கு ஓடுகிறது. 2023 மார்ச் 10-ல் எழுதியிருந்தால் 2026 மார்ச் 10-க்குள் வழக்கு தாக்கலாகியிருக்க வேண்டும். நோட்டீஸ் விட்டால் கணக்கு நிற்காது, பஞ்சாயத்துப் பேசினாலும் நிற்காது, "அடுத்த மாசம் தர்றேன்" என்று அவர் பத்துமுறை போனில் சொன்னாலும் நிற்காது. எதிராளி இதைக் கிளப்பாவிட்டாலும் கோர்ட் தானாகவே பார்த்துத் தள்ளுபடி செய்யலாம், செய்தாக வேண்டும் என்பதே 1963-ம் வருடக் காலவரையறைச் சட்டம். அப்பீலுக்குத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம், வழக்கு போடுவதற்கு அந்த வசதி கிடையாது.

காலம் புதிதாக ஓட ஆரம்பிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, 3 ஆண்டு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவது. இன்னொன்று, பகுதிப் பணம் கொடுத்து நோட்டின் பின்பக்கம் வரவு வைப்பது. அந்த வரவை நீங்கள் எழுதி வைத்துக்கொண்டால் ஒன்றுக்கும் ஆகாது. அவர் கையால் எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் கையெழுத்தாவது அதன் கீழே இருக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய் கொண்டுவந்து கொடுக்கும்போது பின்பக்கத்தைத் திருப்பி நீட்டக் கூச்சமாகத்தான் இருக்கும், கூச்சப்படாதீர்கள்.

நோட்டீஸ்

தனியார் மீதான கடன் வழக்கில் நோட்டீஸ் விட்டுத்தான் வழக்குப் போட வேண்டும் என்று பொதுவாகக் கட்டாயம் இல்லை, அரசு மேல் போடும் வழக்குக்குத்தான் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-ன்படி இரண்டு மாத நோட்டீஸ் கட்டாயம். ஆனாலும் விடுங்கள், ஏனென்றால் பதிலில்தான் சரக்கு இருக்கிறது. "வாங்கவே இல்லை" என்று பதில் வந்தால் ஒரு மாதிரி வழக்கு, "வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்று வந்தால் அது வேறு வழக்கு. இரண்டாவதில் வாங்கியதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், திருப்பிக் கொடுத்ததை நிரூபிக்கிற பாரம் இனி அவர் தலையில்.

கவர் "வாங்க மறுத்துவிட்டார்" என்று எழுதித் திரும்பி வந்தால் அதைப் பிரிக்காதீர்கள். தபால்காரர் எழுதிய குறிப்பு, முத்திரை, ஒட்டிய நிலை எல்லாம் சேர்ந்ததுதான் ஆவணம். சரியான முகவரிக்கு முறைப்படி அனுப்பியதை மறுத்தால் சார்வு ஆனதாகவே, அதாவது அவரிடம் சேர்ந்ததாகவே, சட்டம் எடுத்துக்கொள்ளும்.

காகிதங்களை வைத்துக்கொள்ளும் முறை

நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புரோநோட்டு கிழிந்துவிடக் கூடாதென்று லேமினேட் செய்யக் கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் கரண்ட் இல்லை, அதனால் தப்பித்தேன். லேமினேட் செய்த கையெழுத்தை, "இது என் கையெழுத்தே இல்லை" என்று அவர் சொல்லும் நாளில், நிபுணர் எப்படிச் சோதிப்பார்? மையின் அழுத்தம், பேனா ஓடிய வாக்கு, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து ஏறியிருக்கும் விதம் எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் போய்விடும். துளை போடுவது, ஸ்டேப்ளர் அடிப்பது, ஓரத்தில் பென்சிலால் வட்டிக் கணக்கு எழுதுவது எதுவும் வேண்டாம். ஒவ்வொரு அசலும் தனித்தனி கவரில், கவரின் மேல் என்ன, எந்தத் தேதி, யார் கொடுத்தது என்று எழுதி வையுங்கள். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து வையுங்கள், பின்பக்கம் காலியாக இருந்தாலும் சரி.

நோட்டை உற்றுப் பாருங்கள். ஸ்டாம்பு இருக்கிறதா, கையெழுத்து ஸ்டாம்பைக் கடந்து போகிறதா, தொகை எண்ணிலும் எழுத்திலும் ஒன்றா, எழுதியவர் பேரும் சாட்சிகள் பேரும் இருக்கிறதா. ஸ்டாம்பு குறைவான மற்ற பத்திரங்களுக்கு அபராதம் கட்டி ஏற்றிவிடலாம். புரோநோட்டுக்கு அந்த விமோசனம் கிடையாது. அப்படி மாட்டிக்கொண்டால் பேங்க் வழியாகப் போன பணம், அவர் எழுதிய கடிதம் என்று வேறு வழியில் கடனை நிரூபிக்க முடியுமா என்று பிராது, அதாவது வழக்கு மனு, எழுதும் முன்பே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

பேங்க் ஸ்டேட்மென்டை நீங்களே ஆன்லைனில் எடுத்து பிரின்ட் போட்டால் அது வெறும் பிரின்ட்தான். கிளையில் எழுதிக் கொடுத்து, வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றிதழோடு, அதிகாரி கையெழுத்து சீலோடு வாங்குங்கள். அந்தச் சட்டம் 1891-ல் வந்தது, கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம், மேனேஜரிடம் போங்கள்.

இப்போது செல்போன் விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். "நாலு லட்சத்தில் ஒரு லட்சம் இந்த மாதம், மீதி தை முடிந்து" என்று அவர் அனுப்பிய மெசேஜ் உங்களிடம் இருக்கிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரின்ட் போட்டு வழக்குக் கட்டோடு சேர்த்தால் மட்டும் மார்க் ஆகாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63-ன்படி ஒரு சான்றிதழ் வேண்டும் (அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த வழக்குகளுக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 65பி). புதிய படிவம் இரண்டு பகுதி. முதல் பகுதி, எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று நீங்கள் தருவது. இரண்டாவது, நிபுணர் தருவது. இரண்டிலும் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்றால் கோப்புக்கு ரேகை மாதிரி, ஒரு எழுத்து மாறினாலும் மதிப்பு மாறிவிடும். அசல் கருவியையே அதன் சொந்தக்காரர் கூண்டுக்குக் கொண்டுவந்து நிரூபித்தால் சான்றிதழ் வேண்டாம், மற்றபடி கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் பழைய பிரிவை வைத்தே சொல்லிவிட்டது.

அதனால் அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், குழந்தையிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வையுங்கள், உங்களுக்குச் சாதகமான நாலு வரியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். நடுவில் நீங்கள் கோபத்தில் திட்டியதும் அதில் இருக்கும், இருக்கட்டும். வெட்டி ஒட்டினால் மீதியை எதிர்த்தரப்பு தன் போனிலிருந்து கொண்டுவந்து காட்டும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நீதிபதி ஒரு சந்தேகத்தோடுதான் கேட்பார். மெசேஜ் வந்த எண் அவருடையதுதான் என்பதற்கும் ஏதாவது வேண்டும், அவருடைய விசிட்டிங் கார்டு, அந்த எண்ணிலிருந்து வந்த ஜிபே, எதுவானாலும்.

பிராது முதல் எதிர்வழக்குரை வரை

எதிராளி குடியிருக்கும் இடம், அல்லது பணம் கைமாறிய இடம் எந்தக் கோர்ட் எல்லைக்குள் வருகிறதோ அங்கே வழக்கு. நிலம் வீடு சம்பந்தப்பட்டதென்றால் சொத்து இருக்கும் இடம். கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் 7.5 சதவீதமாக இருந்தது, 2017 திருத்தத்தில் 3 சதவீதமானது; 4 லட்சத்துக்கு 12,000 ரூபாய். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உதவி உண்டு, கேட்கத் தயங்க வேண்டாம். வியாபாரிகளுக்குள் நடந்த கணக்கு 3 லட்சத்துக்கு மேல் என்றால் அது வணிக வழக்காகலாம். அங்கே அவசர நிவாரணம் கேட்காத பட்சத்தில் முதலில் சமரசத்துக்குப் போய்விட்டுத்தான் வழக்கே போட முடியும். புரோநோட்டு, செக் மாதிரி எழுத்தில் இருக்கும் கடனுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 37-ல் சுருக்க வழக்கு போட முடியுமா என்றும் வக்கீலைக் கேளுங்கள், அதில் எதிராளி 10 நாளில் ஆஜராகி, பிறகு எதிர்வாதம் செய்யவே அனுமதி வாங்க வேண்டும்.

பிராதில் கையெழுத்துப் போடும் முன் வரி வரியாகப் படியுங்கள். "வக்கீல் எழுதியது, சரியாத்தான் இருக்கும்" என்று கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் பின்னால் கூண்டில் முழிக்கிறார்கள். பணம் கொடுத்த தேதி, இடம், யார் யார் இருந்தார்கள், இதெல்லாம் நோட்டீஸில் ஒரு மாதிரியும் பிராதில் ஒரு மாதிரியும் இருக்கக் கூடாது. நம்பியிருக்கும் ஆவணங்கள் எல்லாம் பிராதோடேயே போக வேண்டும். விட்டுப்போனதைப் பின்னால் சேர்க்கத் தனி மனுப் போட்டு, ஏன் அப்போது தரவில்லை என்று காரணம் சொல்லி, அனுமதி வாங்க வேண்டும். விசாரணை தொடங்கிவிட்டால் பிராதைத் திருத்துவதும் எளிதில்லை.

தாக்கல் செய்த அன்றே நம்பர் ஆகிவிடாது, அதாவது வழக்கு எண் விழுந்துவிடாது. குறை இருந்தால் கட்டு திரும்பி வரும், சரிசெய்து மறுபடி போட வேண்டும், இதில் மாதங்கள் ஓடிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். கட்டு வக்கீல் குமாஸ்தா மேஜையில் தூங்குகிறதா என்று வாரம் ஒருமுறை கேளுங்கள். நம்பர் ஆனதும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (வழக்கின் அடையாள எண்) வாங்கி வைத்துக்கொண்டு இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று நீங்களே பார்க்கலாம். அதில் "பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டவில்லை" என்று ஒரு வரி இருந்தால் சம்மன் போகவே இல்லை என்று அர்த்தம், அன்றைக்கே வக்கீலுக்குப் போன் போடுங்கள். நம் பக்கம் யாரும் ஆஜராகாமல் வழக்கு தள்ளுபடியாகிவிட்டால் மறுபடி கோப்புக்கு எடுக்க 30 நாள்தான்.

சம்மன் சார்வான பிறகு எதிராளி 30 நாளில் எதிர்வழக்குரை தர வேண்டும், 90 நாள் வரை நீட்டிக்கலாம். சாதாரண சிவில் வழக்குகளில் அதற்கு மேலும் இழுக்கிறார்கள் என்பது நிஜம். அது கைக்கு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, உங்கள் பிராதின் ஒவ்வொரு பத்திக்கும் அவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். எதைக் குறிப்பாக மறுக்கவில்லையோ அதை ஒப்புக்கொண்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ள முடியும். மறுத்தவற்றிலிருந்துதான் எழுவினாக்கள், அதாவது கோர்ட் தீர்க்க வேண்டிய கேள்விகள், வனையப்படும், உங்கள் ஆதாரம் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும்.

இந்தக் கட்டத்திலேயே எதிராளி கையெழுத்தை மறுக்கிறாரா என்று பாருங்கள். மறுத்தால், நோட்டு எழுதிய அதே காலத்தில் அவர் போட்ட கையெழுத்துகள் எங்கெங்கே இருக்கும் என்று தேடத் தொடங்குங்கள்: பதிவான பத்திரம், பேங்க் படிவம் மாதிரி. வழக்கு வந்த பிறகு வக்காலத்தில் போட்ட கையெழுத்தோடு ஒப்பிடுவது நிற்காது, மாற்றிப் போட்டிருப்பார். கையெழுத்தை ஒப்புக்கொண்டு "வெற்று நோட்டில் வாங்கிவிட்டார்" என்று சொன்னால் உங்கள் நிலை பரவாயில்லை. பணம் கைமாறித்தான் எழுதப்பட்டது என்று சட்டமே அனுமானிக்கும், இல்லை என்று காட்டுவது அவர் பாடு.

கூண்டு

முதல் விசாரணை என்பது இப்போது நிரூபண வாக்குமூலம்தான், எழுதித் தாக்கல் செய்வது. அன்றைக்குத்தான் ஆவணங்கள் மார்க் ஆகின்றன, அசல்களோடு நேரில் போக வேண்டும். ஜெராக்ஸை மார்க் செய்ய வேண்டுமென்றால் அசல் எங்கே போனது என்பதற்குக் கணக்கு வேண்டும், அசல் எதிராளியிடம் இருந்தால் அதைக் கொண்டுவரச் சொல்லி முன்னதாகவே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு ஆவணத்தை நிரூபிக்கும் முறையில் ஆட்சேபம் இருந்தால் அது மார்க் ஆகும் நேரத்திலேயே உங்கள் வக்கீல் சொல்ல வேண்டும், அப்பீலில் போய்ச் சொன்னால் தாமதமாகிவிட்டது என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளியே வரும்போது எந்த ஆவணத்துக்கு எந்த எண் விழுந்தது என்று உங்கள் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: அப்பாவுக்கு பவர் கொடுத்து வழக்கு நடத்தலாம், ஆனால் நீங்கள் மட்டும் அறிந்த விஷயத்துக்கு அப்பா சாட்சி சொல்ல முடியாது. பணம் கொடுத்தபோது அவர் பக்கத்தில் இல்லையென்றால் நீங்கள்தான் வர வேண்டும், காணொளியில் சாட்சி சொல்ல அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

குறுக்கு விசாரணையில் வரும் முதல் கேள்வி அநேகமாக, "4 லட்சம் ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்கிறீர்களே, அந்தப் பணம் எப்படி வந்தது?" அடுத்தது, "வருமான வரிக் கணக்கில் காட்டினீர்களா?" 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பதையும் கையிலெடுப்பார்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது, நினைவில்லாவிட்டால் நினைவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில், விளக்கம் வேண்டாம், எதிர்த்தரப்பு வக்கீலோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். முடிவில் ஒரு வரி தவறாமல் வரும்: "நீங்கள் பணமே கொடுக்காமல் வெற்று நோட்டை வைத்துப் பொய் வழக்குப் போட்டிருக்கிறீர்கள் என்றால்?" நீங்கள் சொல்ல வேண்டியது "சரியல்ல". இதில் கவனம், தலையை ஆட்டிவிட்டு நிற்காதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள். பதிவான வாக்குமூலத்தில் "சரிதான்" என்று ஏறிவிட்டால் உங்கள் கதை அங்கேயே முடிந்தது. கையெழுத்துப் போடும் முன் வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லித் திருத்துங்கள்.

நோட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரைக் கூப்பிடப் போகிறீர்கள் என்றால், எழுவினா வனைந்த 15 நாளுக்குள் சாட்சிப் பட்டியலில் அவர் பேர் போக வேண்டும். அவரிடம் போய் நோட்டின் நகலைக் காட்டி என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். சொல்லிக்கொடுத்தது குறுக்கு விசாரணையில் மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நடுவில் சமரசப் பேச்சு வந்தால் முகத்தைத் திருப்ப வேண்டாம். லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும், அந்த உத்தரவு தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீலும் கிடையாது. நாலில் மூன்றரை கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து, உங்கள் கோபத்தின் அளவு எனக்குத் தெரியாது.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வந்தவுடன் தீர்ப்பின் சான்று நகலுக்கு மனுப் போட்டுவிடுங்கள். நகல் வாங்க எடுத்துக்கொண்ட நாட்கள் அப்பீல் காலத்தில் கழியும், மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். ஜெயித்தவர் கையில் பணம் தானாக வராது. நிறைவேற்று மனு, அதாவது இ.பி., போட வேண்டும், அதற்கு 12 ஆண்டு அவகாசம். எதிராளிக்கு என்ன சொத்து, எங்கே சம்பளம் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும், ஜப்திக்கு வரும் கோர்ட் ஊழியரான அமீனாவுக்கு ஜோசியம் தெரியாது. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது, மிச்சத்தைத்தான் பிடிக்கலாம். வழக்கு நடக்கும்போதே அவர் சொத்தை விற்கப் பார்க்கிறார் என்று தெரிந்தால் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கும் மனு உண்டு, அதற்கும் ஆதாரம் வேண்டும், விற்பனை விளம்பரமோ புரோக்கர் பேச்சின் பதிவோ.

கடைசியாக, மார்க் ஆன அசல்கள் இன்னும் கோர்ட்டில்தான் இருக்கின்றன. அப்பீல் காலம் கடந்ததும், அப்பீல் போயிருந்தால் அது முடிந்ததும், ஆவணத்தைத் திரும்பக் கேட்டு மனுப் போடுங்கள். வீட்டுப் பத்திரம், ரசீதுகள் எல்லாம் வந்துவிடும். புரோநோட்டு மட்டும் வராது, தீர்ப்பாணையால் செல்லாததாகிவிட்ட ஆவணத்தைத் திருப்பித் தருவதில்லை. என்னுடையதும் வா.சா.ஆ.1 என்ற முத்திரையோடு ரெக்கார்டு ரூமில் கிடக்கிறது, பாஸ்புக்கை மட்டும் வாங்கி வந்தேன்.